வேகப் படகுக்கு எக்ஸாஸ்ட் ஹெடர்: தண்ணீர் போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: கடலில் ஓடும் வேகப் படகு, ஸ்டெர்ன் டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பல்லர் அலகு படகின் பின்புறம் வெளியே), 540 கன அங்குல வி8 பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாயாகச் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஹெடர் போட வேண்டும். எந்த அளவு, எந்த வகை, போட்டபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெரும்பாலானவர்கள் குழாயின் விட்டத்தில் தொடங்குகிறார்கள். கார் எஞ்சினுக்கு அது சரி. படகில் ஹெடர் என்பது புகைக்குழாய் மட்டும் அல்ல, எரிகிற வாயுவைச் சுற்றிக் கடல்நீரை ஓடவிடும் பாத்திரம். வாயுவுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தகடுதான். விட்டம் கால் அங்குலம் தப்பினால் கொஞ்சம் குதிரைத்திறன் போகும். தண்ணீர் தப்பினால் எஞ்சினே போகும். அதனால் முதலில் தண்ணீர் வழி, அடுத்து கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), அதற்குப் பிறகு குழாய் அளவு, உலோகம் என்ற வரிசையில் யோசியுங்கள்.

குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இந்த வெளிச்சுவர், அதாவது தண்ணீர் உறை, ஏன் வேண்டும் என்பதை முதலில் முடித்துவிடலாம். முழு த்ராட்டிலில் எஞ்சினின் புகைவாயை (போர்ட்) விட்டு வெளியே வரும் வாயு 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உறையில்லாத ஹெடர் அந்தச் சுமையில் சிவந்துவிடும். எஞ்சின் இருப்பதோ மூடிய அறை, அதற்குள் பெட்ரோல் ஆவி சேரக்கூடும். 300 டிகிரியைத் தொடும் உலோகம்கூட அங்கே ஆபத்து. திறந்த எஞ்சின் வைத்த பந்தயப் படகுகளில் உறையில்லாத ஹெடரைப் பார்த்துவிட்டு அதை மூடிய அறைக்குள் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். வெப்பத்துணி சுற்றிவிட்டால் போதும் என்ற பேச்சுக்கும் இடமில்லை. துணி எண்ணெயைக் குடிக்கும், கடல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்கடியில் விரிசல் விட்டால் கண்ணுக்கும் தெரியாது.

தண்ணீர் எங்கே வாயுவோடு கலக்கிறது?

உறையில் ஓடிய தண்ணீர் கடைசியில் படகை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கலெக்டருக்குப் (குழாய்கள் ஒன்றாகச் சேரும் இடம்) பிறகோ ரைசரின் (வாயுவைக் கடல்மட்டத்துக்கு மேலே தூக்கி வளைக்கும் குழாய்) முடிவிலோ தண்ணீரை வாயுவோடு கலந்து, இரண்டும் ஒரே ரப்பர் ஹோஸில் வெளியே போவது. இதை ஈர முறை என்கிறோம். மற்றது, டெயில்பைப்பும் இரட்டைச் சுவராக இருந்து, டிரான்சம் (படகின் பின்சுவர்) தாண்டி நுனிவரை வாயுவும் தண்ணீரும் தனித்தனியே போவது. இது உலர் முறை. பெயர் உலர் என்றாலும் உறையில் தண்ணீர் உண்டு, வாயுப் பாதைதான் உலர்ந்தது.

ஈர முறை மலிவு, சத்தம் குறைவு, டெயில்பைப்பும் சூடாகாது. அதன் பலவீனம் ஐடிலில், அதாவது எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்போது, வெளிப்படும். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் வெற்றிடம் பலமாக இருக்கும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே சமயம் திறந்திருக்கும் அந்தச் சில டிகிரிகளில், வெளியே போக வேண்டிய வாயு சிலிண்டரை நோக்கித் திரும்ப இழுக்கப்படும். ரைசரில் தண்ணீர் கலந்துகொண்டிருந்தால் அந்தத் துளிகளும் சேர்ந்து உள்ளே வரும். இதைத்தான் ரிவர்ஷன் என்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வருவது துளிதான். ஆனாலும் உப்புத் துளி. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டிலும் சீட்டிலும் துருவைத் தொடங்கிவைக்க அது போதும்.

எவ்வளவு ஆபத்து என்பதைக் கேம்ஷாஃப்டோடு வரும் அளவு அட்டையிலிருந்தே கணக்கிடலாம். டியூரேஷன் என்பது வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது; லோப் செபரேஷன் என்பது இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் முகடுகளுக்கு நடுவே உள்ள கோணம்; ஓவர்லாப் என்பது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் டிகிரிகள். இன்டேக் டியூரேஷனையும் எக்ஸாஸ்ட் டியூரேஷனையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து லோப் செபரேஷன் கோணத்தின் இருமடங்கைக் கழித்தால் ஓவர்லாப் கிடைக்கும். இன்டேக் 280, எக்ஸாஸ்ட் 288, லோப் செபரேஷன் 112 என்றால் 284 கழித்தல் 224, அதாவது 60 டிகிரி. அதே கேமை 114 டிகிரியில் அரைத்தால் 56 ஆகக் குறையும், 110-இல் அரைத்தால் 64 ஆகக் கூடும். சாலைக் காருக்கு நன்றாக இருக்கும் 108, 110 கேம்களைப் படகில் போடக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். படகுக்கு 112-இலிருந்து மேலே போங்கள். கணக்கிடும்போது, கேம் 0.050 அங்குலம் தூக்கியபின் எண்ணத் தொடங்கும் டியூரேஷனையும் அட்டையில் அச்சிட்ட முழு டியூரேஷனையும் கலக்காதீர்கள். 0.050 எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் ஓவர்லாப் உண்மையைவிட மிகக் குறைவாகத் தெரியும்.

540 கன அங்குல எஞ்சினைச் சக்திக்காகக் கட்டியிருந்தால் கேம் பெரியதாகவே இருக்கும். உங்கள் நிலையில் உலர் டெயில்பைப்பைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இடமோ பணமோ இடம் கொடுக்காமல் ஈர முறைக்குப் போவதானால், தண்ணீர் கலக்கும் இடத்தைக் கலெக்டரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். அந்த இடம் கீழ்நோக்கிச் சரியும் பகுதியில் இருக்க வேண்டும்.

ரைசரின் உயரம் இரண்டு முறைக்கும் பொது. படகு நிற்கும்போது கடல்மட்டத்திலிருந்து எக்ஸாஸ்ட் வளைவின் உச்சி 300 முதல் 330 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளக்கும்போது டேங்க் நிறைய எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். காலிப் படகில் அளந்தால் கணக்கு பொய்யாகும். அளப்பதற்கு எளிய வழி ஒளிபுகும் ஹோஸ். ஒரு முனையைக் கடல்நீர் வரும் வழியில் இணைத்து, மறுமுனையை ரைசருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் ஹோஸுக்குள் நிற்கும் நீர்மட்டம்தான் வெளியே இருக்கும் கடல்மட்டம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் பின்னால் வரும் அலை டிரான்சத்தில் ஏறி எக்ஸாஸ்ட் வாய்க்குள் தள்ளும். அதைத் தடுக்க நுனியில் ஃபிளாப்பர் (ரப்பர் மூடி) இருக்க வேண்டும். ஃபிளாப்பரின் ரப்பர் கருகிச் சுருண்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொன்று: தண்ணீர் வழி எந்த இடத்திலும் வாயு கேஸ்கெட்டைக் கடந்து போகக் கூடாது. வார்ப்பு மேனிஃபோல்டில் ரைசர் இணைப்பில் ஒரே கேஸ்கெட் நடுவில் வாயுவையும் ஓரத்தில் தண்ணீரையும் தாங்குகிறது. உப்புத்தண்ணீரில் முதலில் தின்னப்படும் இடம் அதுதான். நல்ல ஹெடரில் தண்ணீர் அந்த இணைப்புக்கு வெளியே தனி ஹோஸில் தாண்டிப் போகும். கேஸ்கெட் கசிந்தாலும் வாயுதான் கசியும், தண்ணீர் சிலிண்டருக்குப் போகாது. இந்த ஒரு அமைப்பைப் பார்த்தே பல ஹெடர்களைத் தள்ளிவிடலாம்.

குழாய் அளவு

போர்ட்டிலிருந்து கலெக்டர்வரை வரும் முதன்மைக் குழாயின் நீளத்துக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடிமட்டத்தை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பு திறக்கிறது என்று பாருங்கள். அதோடு 180-ஐக் கூட்டி, 850-ஆல் பெருக்கி, எந்த ஆர்பிஎம்மில் பலன் வேண்டுமோ அதனால் வகுத்து, 3 கழியுங்கள். விடை அங்குலத்தில் வரும். வால்வு 75 டிகிரி முன்பு திறக்கிறது, 5400 ஆர்பிஎம் என்றால் 255 பெருக்கல் 850, வகுத்தல் 5400, கழித்தல் 3. சுமார் 37 அங்குலம்.

விட்டத்துக்கு: ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் எடுங்கள். நீளத்தோடு 3 கூட்டி 25-ஆல் பெருக்கி, கொள்ளளவை அதனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2.1-ஆல் பெருக்குங்கள். 540 கன அங்குலம் என்பது 8849 சிசி, ஒரு சிலிண்டருக்கு 1106. 40 பெருக்கல் 25 என்பது 1000. 1.106-இன் வர்க்கமூலம் 1.05, அதை 2.1-ஆல் பெருக்கினால் 2.2 அங்குல உள்விட்டம். சந்தையில் பெரிய வி8 எஞ்சின்களுக்குக் கிடைப்பதும் 2 முதல் 2¼ அங்குலம்தான், ஆக கணக்கு நடைமுறையோடு ஒத்துப்போகிறது.

நீளம் மட்டும் ஒத்துப்போகாது. இரட்டைச் சுவர்க் குழாயை 37 அங்குலத்துக்கு வளைத்து எஞ்சின் அறைக்குள் அடக்க இடம் இருக்காது. நடைமுறையில் குறைந்த நீளத்தோடுதான் வாழ வேண்டும். குழாய்கள் ஒன்றுக்கொன்று நீளத்தில் அதிகம் வேறுபடாமல் இருந்தால் போதும். உங்களுக்கு இரண்டு அளவுக்கு நடுவே சந்தேகம் வந்தால் சிறியதை எடுங்கள். 2¼ போட்டால் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கிடைக்கலாம், ஆனால் ஐடிலில் வாயுவின் வேகம் குறையும், ரிவர்ஷனுக்கு அது நல்லதல்ல. 6000-க்கு மேல் தொடர்ந்து ஓட்டுபவருக்கும் சூப்பர்சார்ஜர் வைத்தவருக்கும் 2¼ பொருந்தும். உங்கள் எஞ்சினுக்கு 2⅛ போதும்.

பின்னழுத்தத்தை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். கலெக்டரில் மூடியோடு ஒரு சோதனைத் துளை உள்ள ஹெடராக வாங்கி, முழு த்ராட்டிலில் அழுத்தமானியில் பாருங்கள். 1 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) இருந்தால் நல்லது. 2-ஐத் தாண்டினால் மஃப்ளரையும் டெயில்பைப் வளைவுகளையும் சந்தேகப்படுங்கள், ஹெடரை அல்ல.

உலோகமும் வெல்டிங்கும்

வார்ப்பிரும்பு கனமானது, உப்புத்தண்ணீரில் உள்ளிருந்து உதிரும். நேரடிக் கடல்நீரில் ஓடினால் ஐந்து ஆண்டைத் தாண்டுவதை எதிர்பார்க்காதீர்கள். வார்ப்பு அலுமினியம் எடை குறைவு, நன்னீர் ஏரிக்கு நல்ல தேர்வு. கடலில் அதன் இணைப்பு முகங்கள் குழிவிழும். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 எல். 304 வேண்டாம். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடு குழிவிழுதலை அது தாமதப்படுத்துகிறது. பின்னால் வரும் எல் என்ற எழுத்து கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாது என்பதைச் சொல்கிறது. கார்பன் அதிகமானால் வெல்டிங்குக்கு இருபுறமும் உள்ள பட்டையில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துபோய், அந்தக் கோட்டிலேயே அரிப்பு பிடிக்கும்.

316 எல் கூட அழியாதது அல்ல. 60 டிகிரிக்கு மேல் சூடான குளோரைடு நீரும் இழுவிசையும் சேர்ந்தால் இந்த வகை ஸ்டெயின்லெஸ் நுண் விரிசல் விடும். ஹெடரில் இரண்டும் உண்டு. உள் குழாய்ச் சுவர் 150 டிகிரியிலும் வெளி உறை 40 டிகிரியிலும் இருப்பதாக வையுங்கள். 600 மில்லிமீட்டர் நீளத்தில் உள் குழாய் சுமார் 1 மில்லிமீட்டர் அதிகமாக நீளும். இரண்டு முனையும் வெல்டிங் செய்யப்பட்டிருப்பதால் அந்த 1 மில்லிமீட்டரை வளைவுகளும் முனை வெல்டிங்குகளும்தான் தாங்க வேண்டும். தண்ணீர் நின்றுபோய் உள் குழாய் 600 டிகிரிக்கு ஏறினால் அது 5 மில்லிமீட்டரைத் தாண்டும். ஃபிளேஞ்ச் (எஞ்சினோடு போல்ட் போடும் தட்டு) ஓரத்திலும் கலெக்டர் சேரும் முக்கிலும் மட்டும் விரிசல் வருவது இதனால்தான். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடிய ஹெடரை, பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், அழுத்தச் சோதனை செய்யாமல் திரும்ப ஓட்டக் கூடாது.

வாங்கும்போது டார்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். வெளியே மினுமினுப்பு செய்வது எளிது, உள்ளே பார்த்தால்தான் வேலை தெரியும். டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுக் காப்பில் செய்வது) செய்யும்போது குழாயின் உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்பியிருந்தால் பின்பக்க வெல்டிங் கோடு வெள்ளியாகவோ வைக்கோல் நிறத்திலோ வழுவழுப்பாக இருக்கும். ஆர்கான் விடாமல் செய்தது கறுத்து, கருகின சர்க்கரைபோல் பொருக்குப் பொருக்காக இருக்கும். விரிசல் தொடங்குவது அந்தப் பொருக்கிலிருந்துதான். ஃபிளேஞ்சின் கனம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நேர்விளிம்புத் தகட்டை வைத்து 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கே நுழைந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

பொருத்துவது

தண்ணீர் ஹெடரின் அடியில் நுழைந்து உச்சியில் வெளியேற வேண்டும். மாறிப்போனால் மேலே காற்றுக் குமிழ் தங்கி, அங்கே நீராவி உண்டாகி, அந்த இடம் மட்டும் எரியும். உறையின் இடைவெளி சில மில்லிமீட்டர்தான் என்பதை மறக்காதீர்கள். கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) உடைந்தால் ரப்பர் இதழ்கள் நேராக இங்கேதான் வந்து அடைக்கும். புது இம்பெல்லர் போடுவதோடு நிறுத்தாமல், உடைந்த இதழ்களை எண்ணி, எல்லாத் துண்டுகளும் கைக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தால் அது எண்ணெய்க் குளிரூட்டியிலோ ஹெடர் வாயிலோ உட்கார்ந்திருக்கிறது.

அழுத்தத்துக்கும் எல்லை வைக்க வேண்டும். டிரைவின் நீர்வாய் வேகத்தில் கடல்நீரை முட்டித் தள்ளும், பம்ப் அதற்கு மேல் அழுத்தும். உங்கள் ஹெடருக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச அழுத்தத்தைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழே திறக்கும்படி ரிலீஃப் வால்வை ஹெடருக்கு முன்பே வையுங்கள். அழுத்தமானியும் நிரந்தரமாக இருக்கட்டும். முழு வேகத்தில் 25 பிஎஸ்ஐயைத் தாண்டுகிற எந்த அமைப்பும் என் கணக்கில் கவலைக்குரியது. அழுத்தம் திடீரென்று கூடினால் அடைப்பு, குறைந்தால் இம்பெல்லரோ நீர்வாயோ.

போல்ட் முறுக்குவதில் அவசரம் வேண்டாம். இந்த எஞ்சின்களில் ⅜ அங்குல போல்ட் அல்லது ஸ்டட் இருக்கும். 27 முதல் 34 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக. மரையில் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை). உலோக நடுத்தகடு உள்ள கிராஃபைட் கேஸ்கெட் ஹெட் பக்கத்துக்குச் சிறந்தது, அதன்மேல் சிலிகான் பசை பூச வேண்டாம். அதே கிராஃபைட் கடல்நீர் படும் இணைப்பில் போனால் பக்கத்து உலோகத்தைத் தின்னும், அங்கே வேண்டாம். முதல் முறை சூடாகி முழுதாக ஆறியபின் ஒருமுறை, 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை திரும்ப முறுக்குங்கள். சூட்டோடு முறுக்கினால் அளவு தப்பும்.

டெயில்பைப்பின் எடை ஹெடரில் தொங்கக் கூடாது. எஞ்சின் மவுண்டில் ஆடும், டிரான்சம் ஆடாது. படகு அலையில் விழும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசம் கலெக்டர் வெல்டிங்கில் போய் விழும். ஹெடருக்கும் டெயில்பைப்புக்கும் நடுவே நெகிழும் ஹோஸ் வைத்து, ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் போடுங்கள், பட்டையின் அகலம் அரை அங்குலத்துக்குக் குறையாமல். அந்த ஹோஸ் ஆட்டத்தைத் தாங்கத்தான். நேராக வராத குழாய்களை இழுத்துப் பிடிக்க அதைப் பயன்படுத்தினால் சீக்கிரம் கிழியும். ஈர முறையில் வாயு ஓடும் நீண்ட ஹோஸ் எஸ்ஏஇ ஜே2006 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தண்ணீர் நின்றுபோனாலும் முழுச் சுமையில் இரண்டு நிமிடம் தாங்கும்படி அந்தத் தரம் கேட்கிறது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் ஹோஸின் மேல் வெப்ப உணரியும் எச்சரிக்கை மணியும் வையுங்கள். எரிந்த ஹோஸ் வழியாகத் தண்ணீர் படகுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடும் வரும்.

காற்று-எரிபொருள் கலவையை அளக்கும் லாம்டா உணரிக்கு இடம் வேண்டுமென்றால் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு வெகு முன்பாக, கிடைமட்டத்துக்கு 10 டிகிரியாவது மேல்நோக்கி இருக்கும்படி பாஸ் (உணரியைத் திருகும் மரைவளையம்) வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். டியூனிங் முடிந்ததும் கழற்றி மூடிவிடுங்கள். முழு த்ராட்டிலில் காற்று-எரிபொருள் விகிதம் 12.2 முதல் 12.8-க்குள் இருக்கட்டும். கலவை மெலிந்தாலும் இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் வாயுவின் வெப்பம் ஏறும், அதன் விலையை ஹெடர்தான் கொடுக்கும்.

பராமரிப்பு

கடலில் இருந்து வந்த ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் நன்னீரில் கழுவ வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடாவிட்டால் பாதி வழிதான் கழுவப்பட்டது. நேரடிக் கடல்நீரில் ஓடும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி அளவில் இருப்பதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் உப்பும் சுண்ணமும் படிவது கூடும்.

கழுவும் வரிசை முக்கியம். டிரைவின் நீர்வாயில் ஹோஸோடு கூடிய ரப்பர் கப் மாட்டி, எஞ்சினின் பம்ப் தானே இழுத்துக்கொள்ளும் அமைப்பில் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து, பிறகு எஞ்சினை ஓட்டுங்கள். ஹோஸை நேரடியாக ஹெடரின் நீர்வழியில் மாட்டும் ஈர முறை அமைப்பில் இது தலைகீழ்: முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். எஞ்சின் ஓடாதபோது குழாய் அழுத்தம் ஹெடரை நிரப்பி, தண்ணீரைத் தள்ளிவிட வாயு இல்லாததால் திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடேறிய ஹெடரில் தவறை உணர்ந்து சட்டென்று தண்ணீர் விடுவது அதைவிட மோசம். எஞ்சினை நிறுத்தி, கை வைத்தால் தாங்கும் அளவுக்கு ஆறவிட்டபிறகு தண்ணீர் விடுங்கள்.

மாதம் ஒருமுறை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எட்டுக் குழாய்களையும் ஒரே தூரத்தில் பாருங்கள். மினுக்கிய ஸ்டெயின்லெஸ் அந்தக் கருவியை ஏமாற்றும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு குழாயிலும் ஃபிளேஞ்சிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி ஒரு நாணய அளவுக்கு மங்கலான கறுப்பு வெப்பப் பெயின்ட் தொட்டு, அந்தப் புள்ளியிலேயே எப்போதும் அளங்கள். ஒரு குழாய் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி அதிகம் என்றால் உறையில் அடைப்பு இருக்கிறது.

50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக்குகளை வரிசையாகக் கழற்றி வையுங்கள். ஏழு பிளக் பழுப்பாக இருந்து ஒன்றின் உலோக ஓரத்தில் மட்டும் செம்மண் நிறத் துரு இருந்தால், அந்தச் சிலிண்டருக்குத் தண்ணீர் வருகிறது. போர்ஸ்கோப்பை (நுனியில் கேமரா உள்ள மெல்லிய கருவி) அந்தத் துளை வழியே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தைப் பாருங்கள்.

ஹெடருக்குள் ஈரம் இருந்தாலே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. ஐடிலில் குளிர்ந்த கடல்நீர் உறையில் ஓடும்போது அந்த நீராவி குழாய்ச் சுவரில் வியர்த்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு துளியைப் பஞ்சில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து உலரவிடுங்கள். காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் படிகம் நின்றால் கடல்நீர், கறுப்பான மெல்லிய கறை மட்டும் என்றால் வியர்வை. கடல்நீர் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி ரிவர்ஷனா, கசிவா. எல்லாச் சிலிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ரிவர்ஷன், ஒன்றில் மட்டும் அதிகம் என்றால் பெரும்பாலும் விரிசல். வியர்வைதான் என்றாலும் அதிகமாக இருந்தால் நல்லதல்ல. நேராக வரும் குளிர்ந்த கடல்நீருக்குப் பதில் எஞ்சினைச் சுற்றிச் சூடான நீரை ஹெடருக்கு அனுப்பும்படி ஹோஸ் வழியை மாற்றினால் குறையும்.

அழுத்தச் சோதனையை ஒவ்வொரு பருவத்துக்கும், அல்லது 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது செய்யுங்கள். ஹெடரைக் கழற்றி, நீர் வாய்களை ரப்பர் மூடியும் கிளாம்பும் வைத்து அடைத்து, ஒன்றில் மட்டும் அழுத்தமானியோடு கைப்பம்பை இணையுங்கள். உறைக்குள் தண்ணீரை நிரப்பி, காற்று முழுவதும் போனபின் 20 பிஎஸ்ஐ ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது. பிறகு இதையே 80 டிகிரி வெந்நீரில் செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. வெந்நீர் ஆறும்போது சுருங்குவதால் முள் கொஞ்சம் இறங்கும். அப்போது முள்ளை விட்டுவிட்டு, குழாய்க்குள் டார்ச் அடித்து ஈரக் கோடு எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். பல விரிசல்கள் குளிர்ந்தபோது மூடியிருந்து சூட்டில்தான் திறக்கும். குளிர்நீர்ச் சோதனையில் தேறியும் கடலில் தண்ணீர் குடிக்கும் ஹெடரின் கதை இதுதான். காற்றை அடைத்துத் தொட்டியில் அமுக்கிக் குமிழ் பார்ப்பதும் உண்டு. அப்படியானால் ரெகுலேட்டர் வைத்து 20-ஐத் தாண்டாமல் செய்யுங்கள், அடைத்த காற்று மூடியைத் தோட்டாவாக்கும்.

ஸ்டார்ட்டரை அழுத்தியதும் ஒரு தட்டலோடு எஞ்சின் நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராட் வளையும். அறையின் விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்றுங்கள். இக்னிஷனையும் எரிபொருள் பம்பையும் துண்டித்தபின் எல்லா பிளக்கையும் கழற்றி, எதிரில் யாரும் நிற்காமல் எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் வடிகட்டியோடு மாற்றி, கசிவைச் சரிசெய்தபின் சிறிது நேரம் ஓட்டி, வெளுப்பு போகும்வரை திரும்பத் திரும்ப மாற்றுங்கள். இதை நாளைக்குத் தள்ளக் கூடாது. உப்புத்தண்ணீர் நின்ற சிலிண்டர் ஒரே இரவில் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

உறையில் சுண்ணம் படிந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுழலவிட்டுக் கரைத்து, நன்னீரில் கழுவுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விரைவாகக் கரைக்கும் என்று யார் சொன்னாலும் ஸ்டெயின்லெஸ்ஸில் ஊற்றாதீர்கள். நீங்கள் தவிர்க்கப் பார்க்கும் அதே குளோரைடை அடர்த்தியாக ஊற்றுவதுதான் அது.

வெளி உறையில் விரிசல் என்றால் அதை முழுதும் அரைத்து எடுத்து, 316 எல் கம்பியால் வெல்டிங் செய்யலாம். உள் குழாயில் என்றால் உறையில் சன்னல் வெட்டித்தான் போக வேண்டும், விரிசலுக்குள் ஊறிய உப்பு வெல்டிங்கைக் கெடுக்கும். ஒருமுறை சரிசெய்து பார்க்கலாம். அதே ஹெடரில் இரண்டாவது உள் விரிசல் வந்தால் அந்த உலோகம் முழுக்கக் களைத்துவிட்டது, கழித்துவிடுங்கள்.

உறைபனி விழும் இடத்தில் படகை நிறுத்தினால் அடிமட்ட வடிகால் மூடிகளைத் திறந்து, துளைக்குள் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். உப்புக் கசடு துளையை மூடி, தண்ணீர் வடிந்துவிட்டதுபோல் காட்டும். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரியும், உறையின் வெல்டிங் அதைத் தாங்காது. வடித்தபின் புரோப்பிலீன் கிளைக்கால் கலவையை உச்சித் துளையிலிருந்து ஊற்றி, அடியில் அதே நிறத்தில் வெளியே வரும்வரை விட்டு மூடுங்கள்.